சொத்தை எழுதி வைக்கறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வியும் பதிலும்

இந்த வாட்டி வந்த கடுதாசியில முக்கால்வாசி ஒரே விஷயம் தானுங்க. நாம சம்பாரிச்சது, அப்பாரு காலத்துல இருந்து வந்தது, இதையெல்லாம் வரி வட்டின்னு கரையாம பசங்க கையில எப்படி சேர்க்கறதுன்னு. ஊரு மட்டும் போட்டிருக்கறேன், பேரு போடல, சொத்து விஷயம்கறதால.

கேள்வி (பெருந்துறை பக்கம், 71 வயசு விவசாயி): ஏனுங்க, எனக்கு ஒரு பையன், ஒரு புள்ள. அஞ்சு ஏக்கரா தோட்டம், கீழ்பவானி தண்ணி பாயுது, ஈரோட்டுல ஒரு வீடு வாடகைக்கு உட்டிருக்கறேன், ரெண்டும் நானா வாங்குனது. வாரிசு வரி வரப்போகுது, செத்தா பாதி சொத்தை கவர்மெண்ட்டு எடுத்துக்கும்னு வாட்ஸ்அப்புல வந்துட்டே இருக்குது. அதுக்குள்ள எல்லாத்தையும் எம்பேருக்கு செட்டில்மெண்ட் பண்ணிருங்கப்பான்னு பையன் சொல்றான். பண்ணிடலாமுங்களா?

பதில்: ஐயா, மொதல்ல பயத்தை உடுங்க. இன்னைக்கு தேதிக்கு இந்தியாவுல ஒருத்தர் செத்ததுக்காக அவரு சொத்து மேல வரி கிடையாது. முன்னால இருந்துச்சு, எஸ்டேட் டூட்டின்னு 1953ல கொண்டு வந்தாங்க, பெரிய சொத்துன்னா 20 லட்சத்துக்கு மேல போற பங்குக்கு 85 சதம் வரைக்கும் போச்சு. 1985ல வி.பி.சிங் நிதி மந்திரியா இருந்தப்ப, வருசத்துக்கு ஏதோ 20 கோடி தான் வசூலாகுது, வசூல் பண்ற செலவே அதிகமா இருக்குதுன்னு சொல்லி பட்ஜெட்லயே எடுத்துட்டாரு. 1985 மார்ச் 16க்கு அப்புறம் செத்தவங்க யாரு சொத்துக்கும் அந்த வரி இல்ல. 2024 எலெக்சன் சமயத்துல வாரிசு வரி பத்தி பெரிசா பேச்சு அடிபட்டுச்சு, அதோட மிச்சம் தான் உங்க செல்லுல இன்னும் சுத்திட்டு இருக்குது. சட்டமா எதுவும் வரல.

சரி, நாளைக்கு வந்துட்டா என்ன பண்றதுன்னு பையன் கேக்கறாப்ல. வர்றப்ப பாத்துக்கலாமுங்க. வராத வரிக்கு பயந்து இருக்கற தோட்டத்தை இன்னைக்கே கைமாத்தறது தான் எனக்கு சரியா படல, ஏன்னா செட்டில்மெண்ட், அதாவது உசுரோட இருக்கறப்பவே எழுதிக் குடுக்கற பத்திரம், பதிவான அந்த நிமிசமே சொத்து பையனோடது, அடமானம் வெக்கலாம், விக்கலாம், நீங்க அப்புறம் மனசு மாறி தன்னால ரத்து பண்ண முடியாது, கோர்ட்டுக்கு தான் போகணும். உங்க பையன் தங்கமான பையனாவே இருக்கட்டும், அவன் தொழில்ல கடன்பட்டு பேங்குக்காரன் வந்தா அந்த தோட்டமும் சேந்து தானுங்க போகும். அதை யாருமே யோசிக்கறதில்ல.

செலவுக் கணக்கு பாத்தா செட்டில்மெண்ட் ஒண்ணும் பெரிசில்ல. தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ள, அதாவது பொண்டாட்டி, புருசன், பையன், புள்ள, பேரன் பேத்தி, அப்பா அம்மா, இவங்களுக்கு எழுதுனா கைடுலைன் மதிப்புல, அதாவது கவர்மெண்ட்டு போட்டிருக்கற மதிப்புல, 1 சதம் ஸ்டாம்ப் டூட்டி, அது எவ்வளவு போனாலும் 40,000 ரூபாய்க்கு மேல இல்ல, பதிவுக் கட்டணம் 1 சதம், உச்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன்னால இது 25,000மும் 4,000மும் தான். ஆக 90 லட்சம் சொத்துன்னாலும் 50,000க்குள்ள முடிஞ்சுரும். அதே சொத்தை மருமக பேர்ல எழுதுனீங்கன்னா கதையே வேற, பத்திர ஆபீஸ் கணக்குல மருமகளும் மருமகனும் குடும்பத்துல சேர்த்தி இல்ல, கிரயத்துக்கு ஆகற மாதிரியே 7 சதமும் 2 சதமும் ஆகும், 90 லட்சத்துக்கு 8 லட்சத்து 10,000. இதுல பாருங்க, இன்கம்டேக்ஸ்காரன் கணக்குல மருமக சொந்தம் தான், அவங்களுக்கு நீங்க குடுக்கற அன்பளிப்புக்கு அவங்க வரி கட்ட வேண்டியதில்ல, ஆனா அதுல இருந்து வர்ற வாடகை வட்டியை உங்க வருமானத்தோட சேத்துருவாங்க. பொண்டாட்டிக்கு எழுதுனாலும் அதே சேர்ப்பு உண்டு. வயசுக்கு வந்த பையன் புள்ளைக்கு எழுதுனா மட்டும் சேர்ப்பு இல்ல. அதனால வாட்ஸ்அப் வரிக்காக இல்லாம, ஈரோட்டு வீட்டு வாடகை மேல நீங்க வருசா வருசம் கட்டற வரியை குறைக்கணும்னா, அந்த வீட்டை மட்டும் புள்ளைக்கோ பையனுக்கோ எழுதறதுல ஒரு அர்த்தம் இருக்குது. ஆனா அந்த வாடகையை நம்பித்தான் உங்க மருந்து மாத்திரை ஓடுதுன்னா அதுவும் வேண்டாமுங்க.

என்னோட முடிவான யோசனை உயில். உயிலுக்கு ஸ்டாம்ப் டூட்டியே கிடையாது, வெள்ளைத்தாள்ல எழுதுனாலும் செல்லும், ரெண்டு சாட்சி வேணும், அந்த ரெண்டு பேரும் நீங்க கையெழுத்து போடறதை பாத்து அவங்களும் போடணும். பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பதிவு பண்ணிருங்க, நாளைக்கு அப்பன் எழுதுனது இல்லைன்னு ஒருத்தன் கெளம்பாம இருக்கும். பங்கு வாங்கறவங்களையே சாட்சியா போடாதீங்க, உங்களை விட வயசுல சின்னவங்களா பாத்து போடுங்க. மனசு மாறுனா எத்தனை வாட்டி வேணும்னாலும் மாத்தலாம். நம்ம பக்கத்து சொத்துக்கு புரபேட், அதாவது உயில் உண்மைதான்னு கோர்ட்டு குடுக்கற சான்று, வாங்கணும்கற கட்டாயமும் சாதாரணமா வராது.

இல்லீங்க, பையன் உட மாட்டேங்கறான், செட்டில்மெண்ட் தான்னு முடிவாச்சுன்னா ரெண்டு வரி பத்திரத்துல கண்டிப்பா இருக்கணும். ஒண்ணு, எனக்கும் என் வீட்டுக்காரம்மாவுக்கும் ஆயுசு வரைக்கும் அனுபவிக்கற உரிமை உண்டுன்னு. இன்னொண்ணு, எங்களை கடைசி வரைக்கும் பராமரிக்கணும்கற நிபந்தனை. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல, பராமரிக்கலைன்னா எழுதிக் குடுத்ததை ரத்து பண்ணச் சொல்லி ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் கிட்ட மனு குடுக்கலாம், 2025 ஜனவரி 2ல சுப்ரீம் கோர்ட்டும் அப்படி ஒரு ரத்தை நிலைநிறுத்தியிருக்குது, ஆனா நிபந்தனை எழுத்துல இருந்தாத்தான் உங்க கை வலுவா நிக்கும். அப்புறம் கடுதாசி பூரா பையனைப் பத்தியே இருக்குது ஐயா, புள்ளைக்கு என்னன்னு ஒரு வார்த்தை இல்ல. நீங்களா வாங்குன சொத்து, யாருக்கு வேணும்னாலும் எழுதலாம், சட்டம் தடுக்காது. ஆனா கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க, அந்த புள்ளைக்கும் அதுல ஒரு பங்கு எழுதுங்க.

கேள்வி (பொள்ளாச்சி, தென்னந்தோப்பு வெச்சிருக்கற அம்மா): எங்க ஊட்டுக்காரர் போயி நாலு வருசமாச்சு. எட்டு ஏக்கரா தோப்பு எம்பேர்ல இருக்குது. ஒரே பையன், அமெரிக்காவுல சிட்டிசன் ஆயிட்டான். இப்பவே அவன் பேர்ல எழுதிடலாம்னு இருந்தேன். அங்க செத்தா 40 சதம் வரியாமே, அது எஞ்சொத்துக்கும் வருமான்னு அவனுக்கே தெரியல.

பதில்: அம்மா, நல்ல வேளை எழுதறதுக்கு முன்னாடி கேட்டீங்க. வெளிநாட்டுல இருக்கற பையனுக்கு விவசாய நெலத்தை தான செட்டில்மெண்ட்டா எழுதிக் குடுக்க முடியாது. அந்நியச் செலாவணி சட்டம் அதை தடுக்குது, வீடோ சைட்டோன்னா குடுக்கலாம், விவசாய பூமி, தோட்டம், பண்ணை வீடு இதெல்லாம் அவங்க விலைக்கும் வாங்கக்கூடாது, தானமாவும் வாங்கக்கூடாது. ஆனா வாரிசா வந்தா வாங்கிக்கலாம், தடையே இல்ல. ஆகவே உங்களுக்கு ஒரே வழி உயில் தான். பத்திரம் எழுதறவங்க சில பேரு இதை கேக்காமயே எழுதிடறாங்க, ரிஜிஸ்டரும் ஆயிருது, பத்து வருசம் கழிச்சு விக்கப் போறப்ப வாங்கறவனோட வக்கீல் புடிச்சுக்குவாரு.

அந்த 40 சதம் உண்மை தானுங்க. ஆனா அது செத்தவங்க யாருங்கறதை பொறுத்தது. அமெரிக்க சிட்டிசனோ, அங்கயே நெலையா குடியிருக்கறவரோ செத்தா அவரோட உலகம் பூரா இருக்கற சொத்தையும் கூட்டுவாங்க. இல்லைன்னா அமெரிக்காவுல இருக்கற சொத்தை மட்டும் பாப்பாங்க. நீங்க பொள்ளாச்சியில இருக்கறீங்க, தோப்பும் இங்க இருக்குது, உங்க காலத்துக்கு அப்புறம் இது பையனுக்கு போறப்ப அமெரிக்காவுக்கு எஸ்டேட் டேக்ஸ்னு ஒரு டாலரும் கட்ட வேண்டாம், வாங்கறவன் வருமானமாவும் காட்ட வேண்டாம். ஆனா தெரிவிக்கணும். வெளிநாட்டுக்காரங்க கிட்ட இருந்து ஒரு வருசத்துல 1 லட்சம் டாலருக்கு மேல சொத்தோ பணமோ வாரிசா வந்தா 3520ங்கற பாரத்துல எழுதிக் குடுக்கணும், உட்டுட்டா மாசத்துக்கு 5 சதம்னு 25 சதம் வரைக்கும் அபராதம். வரியே இல்லாத சொத்துக்கு கால்வாசி அபராதமா போறது எவ்வளவு கொடுமை. இந்த ஒரு வரியை இன்னைக்கே போட்டோ எடுத்து பையனுக்கு அனுப்பிருங்கம்மா.

இன்னொரு நல்ல சேதியும் இருக்குது. வாரிசா வந்த சொத்துக்கு, நீங்க காலமான அன்னைக்கு என்ன மார்க்கெட் விலையோ அதையே அடக்க விலையா அமெரிக்காவுல எடுத்துக்குவாங்க. அதனால அந்த சமயத்துல ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வெச்சு தோப்புக்கு மதிப்பு போட்டு வாங்கி வெக்கச் சொல்லுங்க. நாளைக்கு அவன் வித்தா அந்த மதிப்புக்கு மேல வர்ற லாபத்துக்குத்தான் அங்க வரி. இங்க பாத்தா, நகராட்சி எல்லையில இருந்து நேர்கோட்டுல 2 கிலோமீட்டருக்கு வெளிய தோப்பு இருந்துச்சுன்னா அது ஊர்ப்புற விவசாய நெலம், வித்த லாபத்து மேல போடற மூலதன ஆதாய வரி கிடையாது. ஜனத்தொகை 1 லட்சத்துக்குள்ள இருக்கற நகராட்சிக்கு தான் இந்த 2 கிலோமீட்டர், 1 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும்னா 6, அதுக்கு மேல கோயம்புத்தூர் மாதிரின்னா 8. விக்கறதும் இங்க குடியிருக்கற இந்தியருக்குத்தான் விக்கலாம், பணம் அவனோட என்ஆர்ஓ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க வெச்சுக்கற பேங்க் கணக்குக்கு வரும், அங்கிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும் கொண்டு போகலாம்.

பையனோட சொந்த காலத்துக்கு அப்புறம்னு பாத்தா 2026ல இருந்து ஒருத்தருக்கு 1 கோடியே 50 லட்சம் டாலர் வரைக்கும் விலக்கு இருக்குது, தோப்பையும் சேத்துனாலும் சாதாரணமா அதைத் தொடாது. ஆனா அவன் சம்சாரம் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டுல இருந்தா, புருசன் பொண்டாட்டிக்குள்ள அளவில்லாம குடுக்கற விலக்கு தன்னால கெடைக்காது, அதுக்கு தனியா ஒரு டிரஸ்ட் ஏற்பாடு இருக்குது. அதை அங்க இருக்கற எஸ்டேட் வக்கீல் கிட்ட ஒரு வாட்டி உக்காந்து பேசச் சொல்லுங்க.

கேள்வி (திருப்பூர், எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர், 46): நான் எந்த வெளிநாட்டுலயும் இல்ல, அவினாசி ரோட்டுல தான் இருக்கேன். ஆப் மூலமா அமெரிக்க ஷேர் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி இப்ப 1,50,000 டாலர் ஆயிருச்சு. எனக்கு எதாச்சும் ஆனா பசங்களுக்கு அப்படியே போகும்ல?

பதில்: அப்படியே போகாதுங்க, இதைத்தான் இந்த பகுதியிலயே பெரிய எழுத்துல போடணும்னு நெனைக்கறேன். அமெரிக்க கம்பெனி ஷேர் அமெரிக்காவுல இருக்கற சொத்துன்னு தான் அவங்க சட்டம் பாக்குது, நீங்க திருப்பூர்ல உக்காந்து செல்லுல வாங்கியிருந்தாலும். அங்கத்த ஆளுக்கு 1 கோடியே 50 லட்சம் டாலர் விலக்கு, நம்மள மாதிரி வெளியாளுக்கு வெறும் 60,000 டாலர். அதுக்கு மேல 26 சதத்துல ஆரம்பிச்சு 40 சதம் வரைக்கும் ஏறும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரிக்கு ஒப்பந்தம் இருக்குது, எஸ்டேட் வரிக்கு இல்ல. உங்க 1,50,000 டாலருக்கு போட்டுப் பாத்தா மொத்த வரி 38,800, அதுல 13,000 கழிவு, மிச்சம் 25,800 டாலர். ரூபாயில 20 லட்சத்துக்கும் மேல. ஒம்பது மாசத்துக்குள்ள 706-என்ஏங்கற பாரம் தாக்கல் பண்ணணும், அது முடிஞ்சு அவங்க வரித்துறை சான்று குடுத்தாத்தான் புரோக்கர் ஷேரை வாரிசு பேருக்கு மாத்துவான். ஆப்புல நாமினி போட்டுட்டேன்னு சொல்லி இதுல தப்பிக்க முடியாதுங்க.

வழி இருக்குதா? இருக்குது, உயிரோட இருக்கறப்ப. அமெரிக்க ஷேர்ல முதலீடு பண்ற இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்கு மாத்திக்கிட்டா அது இந்திய சொத்து, அந்த வரி தொடாது. அயர்லாந்துல பதிவான ஈடிஎஃப், அதாவது ஷேர் மாதிரி மார்க்கெட்டுல வாங்கி விக்கற ஃபண்டு வாங்குனாலும் அப்படித்தான். புதுசா வாங்கறதை இப்படி வாங்குங்க, பழசை இந்திய மூலதன ஆதாய வரியை பாத்துக்கிட்டு மெல்ல மெல்ல மாத்துங்க. இல்லைன்னா வயசுக்கு வந்த பசங்க பேருக்கு ஷேரையே அன்பளிப்பா மாத்தலாம், வெளியாள் குடுக்கற ஷேர் அன்பளிப்புக்கு அமெரிக்கா கிஃப்ட் டேக்ஸ் போடறதில்ல. வீட்டம்மா பேருக்கு மாத்துனா அவங்களுக்கும் தனியா 60,000 விலக்கு உண்டு, ஆனா அதுல வர்ற டிவிடெண்டும் லாபமும் இங்க உங்க கணக்குல தான் சேரும். வருசா வருசம் ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்து பகுதியில இதையெல்லாம் காட்டறீங்களான்னும் ஆடிட்டர் கிட்ட கேட்டுக்கங்க, காட்டலைன்னா கருப்புப் பண சட்டத்துல அபராதம் 10 லட்சம்.

கேள்வி (நாமக்கல், முட்டைக்கோழிப் பண்ணை): பேங்க் டெபாசிட்டுக்கு பெரிய பையனை நாமினியா போட்டிருக்கேன். அது போதுமுங்களா, உயில் வேணுமா?

பதில்: பத்தாதுங்க. நாமினி பணத்தை வாங்கி வாரிசுங்களுக்கு சேர்க்க வேண்டியவரு, அவ்வளவு தான், பணம் அவருக்கு சொந்தமில்ல. ஷேருக்கும் அதே கதி தான்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2025 நவம்பர் 1ல இருந்து டெபாசிட்டுக்கு நாலு பேரு வரைக்கும் நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதம்னும் போடலாம். எல்லாப் பசங்க பேரும் போட்டுட்டு அதே கணக்கை உயில்லயும் எழுதுங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தாத்தான் அண்ணன் தம்பிக்குள்ள பிரச்சனையே வரும்.

கேள்வி (தாராபுரம், கட்டிக்குடுத்த பொண்ணு): எங்கப்பா உயில் எதுவும் எழுதாம போன வருசம் தவறிட்டாரு. அம்மா, ரெண்டு அண்ணன், நான். உனக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடு, இல்லைன்னா வரி அதிகமாகும்னு சொல்றாங்க. வரி ஆகுமா? கையெழுத்து போடலைன்னா பொறந்த வீட்டு ஒறவு போயிரும்னு பயமா இருக்குது.

பதில்: கண்ணு, விடுதலைப் பத்திரம்கறது உன் பங்கை விட்டுக்குடுக்கற பத்திரம், நீ அதுல கையெழுத்து போடாததுனால யாருக்கும் ஒரு பைசா வரி ஏறாது. வரியை சாக்கா வெச்சு உன்னை அவசரப்படுத்தறாங்க. உங்கப்பா சொந்தமா சம்பாரிச்ச சொத்துன்னா உயில் இல்லாதப்ப அம்மாவுக்கும் உங்க மூணு பேருக்கும் சமமா நாலு பங்கு. உங்க அப்பத்தா உயிரோட இருந்தாங்கன்னா அவங்களுக்கும் ஒரு பங்கு, அஞ்சா பிரியும், இதை ரொம்ப பேரு மறந்துடறாங்க. பரம்பரை சொத்துன்னா அதுலயும் உனக்கு அண்ணன்மாருக்கு சமமா உரிமை உண்டு, தமிழ்நாட்டுல 1989லயே கல்யாணமாகாத பொண்ணுங்களுக்கு குடுத்தாங்க, 2005ல நாடு பூராவுக்கும் எல்லாப் பொண்ணுங்களுக்கும் வந்துச்சு, 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அப்பன் எப்ப செத்திருந்தாலும் பொண்ணுக்கு பொறப்பாலயே உரிமைன்னு தெளிவாக்கிருச்சு. சீர் செஞ்சது இந்த பங்குல கழியும்னு சட்டத்துல எங்கயும் இல்ல.

நம்ம பக்கம் பொண்ணுங்க காலங்காலமா கையெழுத்து போட்டுட்டுத்தான் வந்திருக்கறாங்க, பொங்கலுக்கு ஒரு சேலை, தோட்டத்துல இருந்து ஒரு மூட்டை தேங்காய், அதுக்கு மேல கேக்க வாய் வராது. நீ கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல, இதை நான் மனசார சொல்றேன். ஒறவு வேணும்னு நீ நெனைச்சா பங்குக்கு பதிலா பணமோ, ஒரு சைட்டோ நியாயமான விலைக்கு கேளு. பணம் வாங்கிட்டு விடுதலை எழுதுனா அது உனக்கு வித்த மாதிரி, ஊர்ப்புற விவசாய நெலம்னா மூலதன ஆதாய வரி வராது, டவுன் சொத்துன்னா வரும், அதை முன்கூட்டியே பேசி தொகையில சேத்து வாங்கிக்க. குடும்பத்துக்குள்ள விடுதலைப் பத்திரத்துக்கு செலவு அதே 1 சதம், உச்சம் 40,000மும் 10,000மும், அதை எழுதி வாங்கறவங்களே குடுக்கணும்னு முன்னாடியே பேசிக்க. பத்திரத்துல என்ன தொகை எழுதியிருக்குதோ அது உன் பேங்க் கணக்குல வந்ததுக்கு அப்புறம் தான் பத்திர ஆபீஸ் படி ஏறணும் கண்ணு. ரொக்கமா அப்புறம் தர்றோம்னு சொன்னா போகாத.

கேள்வி (கோயம்புத்தூர், சரவணம்பட்டி): அப்பா 1992ல வாங்குன சைட் உயில் மூலமா 2019ல எனக்கு வந்துச்சு. இப்ப 1 கோடிக்கு கேக்கறாங்க. எனக்கு சும்மா வந்த சொத்து, முழுசுக்கும் வரியா?

பதில்: முழுசுக்கும் இல்லீங்க. உங்களுக்கு சும்மா வந்தாலும் அப்பா குடுத்த விலையே உங்க விலைன்னு எடுத்துக்குவாங்க, அவரு வெச்சிருந்த வருசமும் உங்க கணக்குல சேரும். 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்குனதால அன்னைக்கு இருந்த மார்க்கெட் மதிப்பை போட்டுக்கலாம், ஆனா அன்னைக்கு கைடுலைன் மதிப்பை தாண்டக் கூடாது. உதாரணத்துக்கு அது 4 லட்சம்னு வெச்சுக்கங்க. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வந்த சொத்துங்கறதால இன்டெக்ஸோட ஒண்ணு, அது இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு கணக்குல எதுல வரி கம்மியோ அது. இன்டெக்ஸ்னா விலைவாசி ஏத்தத்துக்கு தக்க பழைய விலையை கூட்டிக்கற எண், 2025-26க்கு அது 376, அப்ப 4 லட்சம் 15 லட்சத்து 4,000 ஆகும், லாபம் 84 லட்சத்து 96,000, 20 சதம்னா ஏறக்குறைய 17 லட்சம். இன்டெக்ஸ் இல்லாம லாபம் 96 லட்சம், 12.5 சதம்னா 12 லட்சம். ரெண்டாவது தான் உங்களுக்கு லாபம். இன்னும் கொறைக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள 50 லட்சம் வரைக்கும் வரி விலக்கு பாண்டுல போடலாம், அஞ்சு வருசம் எடுக்க முடியாது. வேற வீடு வாங்கறதா இருந்தா அதுக்கும் விலக்கு இருக்குது. அப்பாவோட 1992 பத்திரம், 2001 கைடுலைன் நகல், உயில், இறப்புச் சான்று இதெல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கட்டும், நோட்டீஸ் வந்தா அதைத்தான் கேப்பாங்க.

கேள்வி (கோபி பக்கம்): ஆறு ஏக்கரா, ரெண்டு பசங்க, ஒரே கெணறு, ஒரே கரண்ட் சர்வீஸ். செலவு கம்மியா ஆளுக்கு மூணு ஏக்கரான்னு பாகப்பிரிவினை போட்டுடலாம்னு இருக்கேன். இல்ல பெரியவனுக்கு கிரயமா காட்டிடலாமா?

பதில்: கிரயம் வேண்டவே வேண்டாம். 9 சதம் செலவு, நாளைக்கு சின்னவன் அண்ணன் பணம் குடுத்தானான்னு கேப்பான், இன்கம்டேக்ஸ்காரனும் அதையே கேப்பான்.

பாகப்பிரிவினையா செட்டில்மெண்ட்டாங்கறது நெலம் உங்க கைக்கு எப்படி வந்துச்சுங்கறதை பொறுத்தது. உங்கப்பாரு வழி கூட்டுக்குடும்ப சொத்துன்னா பசங்களுக்கும் பொறப்பாலயே பங்கு இருக்குது, பாகப்பிரிவினை போடலாம், பங்குக்கு 1 சதம், உச்சம் 40,000மும் 10,000மும். நீங்களா கிரயம் வாங்குனதுன்னா பசங்களுக்கு இன்னும் உரிமையே இல்ல, அதைப் பிரிக்க முடியாது, ஆளுக்கு ஒரு செட்டில்மெண்ட்டோ உயிலோ தான். மூலப்பத்திரத்தை எடுத்து பாருங்க. பொம்பளப் புள்ள இருந்து கடுதாசியில உட்டுப்போயிருந்தா, பரம்பரை சொத்துல அந்த புள்ளையும் சேராத பாகப்பிரிவினை நிக்காது.

எந்தப் பத்திரமா இருந்தாலும் மூணு ஏக்கரா மூணு ஏக்கரான்னு எழுதிட்டு வந்துராதீங்க. நம்ம ஊர்ல அண்ணன் தம்பி கோர்ட்டுக்கு போறது பெரும்பாலும் ஏக்கராவுக்காக இல்ல, கெணத்துக்கும் தடத்துக்கும் தானுங்க. கெணறு யாரு பாகத்துல வருது, மத்தவனுக்கு அதுல சரிபாதி பங்கு உண்டா, தண்ணி எடுக்கறது ஒருநாள் உட்டு ஒருநாளா இல்ல மணிக்கணக்கா, மோட்டார் காயில் போனா யாரு எவ்வளவு போடறது, தூர் வாரற செலவு யாரு, குழாய் யாரு காட்டு வழியா போகுது, இதெல்லாம் பத்திரத்துல வரணும். இலவச சர்வீஸ் ஒருத்தன் பேர்ல தான் இருக்கும், அவன் மத்தவனுக்கு தண்ணியை நிறுத்தக்கூடாதுன்னு எழுதுங்க. பின்னாடி இருக்கற மூணு ஏக்கராவுக்கு ரோட்டுல இருந்து வண்டித்தடம் எத்தனை அடி அகலம், எந்த சர்வே நம்பர்ல கெழக்கு பக்கமா மேக்கு பக்கமான்னு நாலெல்லையோட வரணும், டிராக்டரும் கரும்பு லாரியும் போயி திரும்பற மாதிரி. களத்துமேடு, சாளை, ரோட்டோரத்து தென்னை, வேப்பமரம் வரைக்கும் எழுதலாம், பத்திரம் ரெண்டு பக்கம் நீளும், நீளட்டும்.

கையெழுத்துக்கு முன்னாடி சர்வேயரை கூட்டிட்டு வந்து அளந்து கல்லு நட்டுருங்க, பசங்க ரெண்டு பேரையும் அந்த கல்லுக்கு பக்கத்துல நிக்க வெச்சு காட்டுங்க. பதிவு முடிஞ்சதும் உட்பிரிவு பண்ணி தனித்தனி பட்டாவுக்கு தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்து, ஆளுக்கு ஒரு பட்டா கையில வர்ற வரைக்கும் நீங்களே பின்னாடி நில்லுங்க.